பிள்ளையின் கையில் ஆயுதம்

ஈச்சிலம்பற்றை நிலப்படத்தில் தேட விரும்புவோர், திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிரே கொட்டியாரக் குடாவின் தென்கரையில் இறங்கி, மூதூரையும் கிளிவெட்டியையும் பின்னே விட்டுத் தெற்கு நோக்கிச் செல்ல வேண்டும். மகாவலி கங்கையின் கிளையாகிய வெருகல் ஆறு குறுக்கிடும் இடத்தில் திருகோணமலை மாவட்டம் முடிந்து மட்டக்களப்பு மாவட்டம் தொடங்குகிறது. வயலும் சேனையும், மாடும் மீனும், வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயிலின் ஆண்டுத் திருவிழாவும் அங்கு வாழும் மக்களின் உலகம். போர் முடியும்வரை அந்த ஆற்றைக் கடக்கப் பாலம் இல்லை. 'பாதை' என்று மக்கள் அழைக்கும் மிதவைதான் இருந்தது. மாறி மாறி வந்த அரசாங்கங்கள் அம்மண்ணை எவ்வளவு நினைத்திருந்தன என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

2004 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆம் திகதி, பெரிய வெள்ளியன்று, இந்த ஆற்றங்கரையில் தமிழர் தமிழரைச் சுட்டனர். அதற்கு முந்திய மாதத்தில் விடுதலைப் புலிகள் இயக்கம் பிளவுபட்டிருந்தது. வன்னித் தலைமையின் படை ஒருபுறம். கிழக்கில் கருணாவின் கட்டளைக்கு உட்பட்டிருந்த படை மறுபுறம். இருபுறத்திலும் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் நின்றனர். சில நாட்களுக்குள் கிழக்குப் படை கலைக்கப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறுவரும் சிறுமியரும் வீடு திரும்பினர். ஆனால், வீட்டு வாசலோடு கதை முடிந்துவிடவில்லை. திரும்பியவர்களை மீண்டும் படைக்கு இழுக்கும் முயற்சி உடனேயே தொடங்கியது. அப்போது பெற்றார் செய்தது என்ன? பிள்ளைகளை ஒளித்தனர்; தூரத்து உறவினர் வீடுகளுக்கு அனுப்பினர்; அழைத்துப் போக வந்தவர்களோடு மல்லுக்கு நின்றனர். அவ்வாண்டு வெளிவந்த மனித உரிமை அறிக்கைகளில் அத்தகைய தாய்மாரின் வாக்குமூலங்கள் பதிவாகியுள்ளன.

தமிழ் கற்பிக்கும் நாம் புறநானூற்றின் 279 ஆம் பாட்டை எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருக்கிறோம். ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. வீட்டு ஆண்களைப் போரில் பறிகொடுத்த ஒருத்தி, எஞ்சிய ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவி, வேலைக் கையில் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகிறாள். இப்பாட்டை நடத்தும்போது குரலை உயர்த்தாத தமிழாசிரியரை நாம் கண்டதில்லை. எமது குரலும் உயர்ந்ததுண்டு. வகுப்பின் பின்வாங்கில் அமர்ந்திருக்கும் பதினைந்து வயதுப் பையனின் கண்கள் அவ்வேளையில் பளபளப்பதைப் பார்த்து, கற்பித்தல் கைகூடியது என்று நாம் மகிழ்ந்ததும் உண்டு. வெருகல் தாய்மாரோ மகனுக்கு எண்ணெய் தடவி அனுப்பவில்லை. அவனை நெற்குதிருக்குப் பின்னால் ஒளிக்கவும் ஆயத்தமாக நின்றார்கள். மாசாத்தியார் கண்ட தாயை வீரத்தாய் என்று பரீட்சை வினாத்தாளில் எழுதச் சொல்லும் நாம், இந்தத் தாய்க்கு என்ன பெயர் வைத்திருக்கிறோம்?

சங்கப் பாட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எமது நோக்கமன்று. அது தன் காலத்தின் உண்மையைச் சொன்னது. இலக்கியம் என்ற வகையில் அதன் உயர்வை நாம் மறுக்கவில்லை. ஆனால் அப்பாட்டிலேயே ஓர் உண்மை கிடக்கிறது. நாம்தான் கவனியாமல் போகிறோம். வேல், மகனின் கையில் தானாக முளைக்கவில்லை. அது கொடுக்கப்படுகிறது. கொடுப்பவர் மூத்தவர், கொடுக்கும் கை அன்புக் கை.

கட்டிளமைப் பருவத்து ஆண்பிள்ளைகளின் வன்முறை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஆசிரியர் அறையில் இரண்டு விடைகள் ஆயத்தமாக இருக்கும். ஒன்று, "அது அந்த வயசுக் கொழுப்பு" என்பது. மற்றது, "அதுகள் அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள்" என்பது. முதல் விடை பழியை இயற்கையின்மேல் போடுகிறது. இரண்டாவது விடை ஏழையின்மேல் போடுகிறது. இரண்டிலும் விடை சொல்பவர் தப்பித்துக்கொள்கிறார்.

இயற்கையின்மேல் போடப்படும் பழியை முதலில் ஆராய்வோம். மனிதன் பிறவியிலேயே போர் விலங்கு, வன்முறை அவன் இரத்தத்தில் ஊறியது என்ற கூற்றுக்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று 1986 இல் ஸ்பெயின் நாட்டின் செவில் நகரில் கூடிய பல துறை அறிஞர்கள் ஒரு பிரகடனம் வெளியிட்டனர்; மூன்றாண்டுகளின் பின் யுனெஸ்கோ அதனை ஏற்றுக்கொண்டது. ஆயினும் கட்டிளமைப் பருவத்துக்கே உரிய ஒரு தன்மை உண்டு என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மூளையில் உணர்ச்சியையும் வெகுமதியின் இன்பத்தையும் தூண்டும் பகுதிகள் பூப்புப் பருவத்தோடு விரைந்து விழிக்கின்றன. நிதானித்து அடக்கும் பகுதி முதிர்வதற்கு இருபது வயதும் கடந்துவிடுகிறது. 2005 இல் அமெரிக்காவில் காட்னர், ஸ்டைன்பேர்க் என்னும் இரு உளவியலாளர் ஒரு பரிசோதனை செய்தனர். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. தனியாக ஓட்டும்போதும் நண்பர்கள் பக்கத்தில் நின்று பார்க்கும்போதும் ஒருவன் எவ்வளவு துணிந்து ஆபத்தை மேற்கொள்கிறான் என்று அளந்தார்கள். முதிர்ந்தோரிடம் பெரிய மாற்றம் இல்லை. பதின்வயதினரோ நண்பர் பார்க்கிறார் என்றவுடன் மிகக் கூடுதலாகத் துணிந்தனர். விளையாட்டு மைதான ஓரத்தில் நிற்கும் எந்த ஆசிரியருக்கும் இது புதிய செய்தியன்று. தனியே வந்தால் தலை குனிந்து நிற்கும் பையன், நால்வரோடு வந்தால் வேறு பிறவி.

ஆனால் ஆபத்தை நாடுவது வேறு, அயலானை வெட்டுவது வேறு. இதே வயதுப் பையன்தான் அலை எழும்பும் கடலில் தோணி தள்ளுகிறான். யானை வரும் என்று தெரிந்தும் சேனைக் காவலுக்குப் பரண் ஏறுகிறான். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது கிழவிகளையும் குழந்தைகளையும் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர்களும் இவ்வயதினரே. அந்த ஏப்ரல் மாதத்தில் துவக்கு ஏந்திய கைகளுக்கும் டிசம்பர் மாதத்தில் குழந்தையை ஏந்திய கைகளுக்கும் இடையே வயதில் வேறுபாடு இல்லை. இயல்பிலும் வேறுபாடு இல்லை. இயற்கை தருவது வேகம். அவ்வேகத்துக்குத் திசை தருவது சமுதாயம்.

எந்தத் திசை? இங்கே எமது அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்; சொல்ல நாக்கூசுகிறது என்பதாலேயே சொல்ல வேண்டும்.

2006 இல் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டதை ஒட்டி மூண்ட போரில் ஈச்சிலம்பற்று மக்கள் ஆற்றைக் கடந்து வாகரைப் பக்கம் ஓடினர். அவ்வாண்டு நவம்பர் 8 ஆம் திகதி கதிரவெளியில், இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பாடசாலையில் எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னும் ஓட்டம். 2007 இல் மீள்குடியேற்றம். அக்காலத்தில், அப்பகுதிப் பாடசாலை ஒன்றில் நாம் கற்பித்தபோது, பத்தாந் தரத்துப் பையன் ஒருவன் தன்னோடொத்த இன்னொருவனைச் சைக்கிள் சங்கிலியால் அடித்து மண்டையை உடைத்துவிட்டான். காரணம் விசாரித்தோம். அகதி முகாமில் சாப்பாட்டு வரிசையில் அவனுடைய தகப்பன் கும்பிட்டு அழுத காட்சியை மற்றவன் எல்லோர் முன்னிலையிலும் நடித்துக் காட்டினானாம். இதைக் கேட்ட பின்பும் நாம் என்ன செய்தோம்? காலைக் கூட்டத்தில், முழுப் பாடசாலையும் பார்த்திருக்க, இருவருக்கும் பிரம்படி கொடுத்தோம். அடித்தவன் அழவில்லை. பிரம்பையும் பார்க்கவில்லை; எமது முகத்தையே பார்த்தான். அடுத்த நாள் அவன் வரவில்லை. ஒரு கிழமை கழித்து இடாப்பில் அவன் பெயருக்கு நேரே சிவப்பு மையால் கோடிட்டோம்.

அன்று நாம் கற்பித்த பாடம் என்ன? ஒருவன் உன்னைச் சபையில் சிறுமைப்படுத்தினால் அவனைச் சபையில் அடி என்பதுதானே அவன் செய்தது? நாமும் அதையே செய்தோம். வேறுபாடு ஒன்றுதான்: அவன் கையில் சங்கிலி இருந்தது, எமது கையில் அதிகாரம் இருந்தது.

ஜேம்ஸ் கில்லிகன் என்ற மனநல மருத்துவர் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலச் சிறைகளில் கொலைகாரர்களோடு நீண்ட காலம் பழகியவர். 1996 இல் அவர் வெளியிட்ட நூலின் சாரம் இது: கொடிய வன்செயல் ஒவ்வொன்றின் அடியிலும் அவமானம் கிடக்கிறது, சிறுமைப்படுத்தப்பட்டதாக உணர்ந்து, அந்த உணர்வைத் துடைக்க வேறு வழி காணாதவனே ஆயுதத்தை எடுக்கிறான். இதைப் படித்தபோது சிறைக் கைதிகளை அல்ல, அந்தப் பத்தாந் தரத்துப் பையனையே நாம் நினைத்தோம். தகப்பனின் கண்ணீரைக் கேலி செய்தவனை மன்னிக்க அவனுக்கு யார் கற்றுக்கொடுத்திருந்தார்கள்? ஆண்பிள்ளை அழக்கூடாது என்று தாய் சொல்லியிருப்பாள். திருப்பி அடிக்காமல் வந்தவனை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று மாமன் சொல்லியிருப்பான். திரைப்படம் சொல்லியிருக்கும், இயக்கங்களின் சுவரொட்டிகள் சொல்லியிருக்கும், தெருமுனைக் காவலரணில் அவனுடைய அண்ணனை முழந்தாளில் நிறுத்தியவனும் தன் வழியில் அதையே சொல்லியிருப்பான். எஞ்சியிருந்தது பாடசாலை ஒன்றுதான். அதுவும் அதையே சொன்னது.

இலங்கைப் பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005 லேயே வந்துவிட்டது. கசையடித் தண்டனையை நீக்கும் சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது. ஆயினும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்காக 2017 இல் நடத்தப்பட்ட ஆய்வில், மாணவரில் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது பேர் முந்திய தவணையில் ஒருமுறையேனும் உடல் தண்டனை பெற்றதாகக் கூறினர். நாம் பிரம்பைப் பிடித்தது சுற்றறிக்கை வந்த பின்னர் என்பதை வாசகர் ஆண்டுக் கணக்குப் பார்த்துத் தாமே அறிந்திருப்பர்.

போரில் சிக்கிய மண்ணின் சிறப்புத் துயரம் இது என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். போர் இல்லாத தமிழ் மண்ணையும் பார்ப்போம். திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியில் 2023 ஆகஸ்ட் மாதம், தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த பள்ளி மாணவன் ஒருவனை, அவனோடு படித்த ஆதிக்க சாதிப் பையன்கள் இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க ஓடி வந்த தங்கையையும் வெட்டினர். தன்னைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று அவன் பள்ளியில் முறையிட்டதே அவன் செய்த குற்றம். இங்கே அவமானப்பட்டவன் யார்? இழிவுகளைச் சுமந்தவன் வெட்டுப்பட்டவனே. ஆனால் அவமானம் தமக்கே நேர்ந்ததாக வெட்டியவர்கள் எண்ணினார்கள். கீழே இருக்க வேண்டியவன் நன்றாகப் படிப்பதும், வாய் திறந்து முறையிடுவதும் தமக்கு இழுக்கு என்று அவர்கள் கருதினார்கள். கில்லிகனின் விளக்கத்துக்கு இங்கே ஒரு திருத்தம் வேண்டியிருக்கிறது. அவமானம் என்பது பட்டவன் நெஞ்சில் மட்டும் பிறக்கும் உணர்ச்சியன்று. எது அவமானம் என்பதை முன்கூட்டியே வகுத்துக்கொடுப்பது சமுதாய அமைப்பு. அகதி முகாமில் தகப்பன் அழுததைக் கேலி செய்யும்போது எழும் கொதிப்பும், சேரிப் பையன் முதல் மதிப்பெண் வாங்கும்போது எழும் கொதிப்பும் ஒன்றல்ல. முன்னது மானத்தின் வலி. பின்னது உரிமையில்லாச் சொத்து பறிபோகும் ஆத்திரம்.

சாதி என்பது ஏழை ஆதிக்க சாதிக்காரனுக்கும் இனாமாகக் கிடைக்கும் ஒரு சொத்து. அவனுக்கு நிலம் இல்லாமலிருக்கலாம், வேலை இல்லாமலிருக்கலாம். தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற எண்ணம் மட்டும் எப்போதும் உண்டு. அதை வண்ணக் கயிறாகப் பையனின் மணிக்கட்டில் கட்டி அனுப்புபவர்கள் பெரியவர்கள். நாங்குநேரிக்குப் பின் தமிழ்நாட்டு அரசு அமைத்த ஒருநபர் குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடை செய்யவும் பள்ளிகளின் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்கவும் பரிந்துரைத்தார். பள்ளியின் பெயர்ப்பலகையிலேயே சாதியை எழுதி வைத்துவிட்டு, பையன் கையில் கயிறு ஏன் என்று கேட்கும் சமுதாயத்தை என்னவென்பது! வெட்டுப்பட்ட அந்த மாணவன் மறு ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றுத் தேறினான் என்ற செய்தி எமக்கு மகிழ்ச்சி தந்தது. வெட்டியவர்கள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்கவும் எமக்கு ஆசையுண்டு. யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தெற்கிலும் இந்நாட்டின் இளைஞர் 1971 லும், பின்னர் 1987 முதல் 1989 வரையிலும் ஆயுதம் ஏந்தினர், பல்லாயிரவர் அழிக்கப்பட்டனர். காரணம் காண அமைக்கப்பட்ட இளைஞர் ஆணைக்குழு 1990 இல் தந்த அறிக்கை வேலையின்மையைச் சொன்னது; அதற்கும் மேலாக, தகுதி இருந்தும் அரசியல்வாதியின் சிபாரிசு இல்லாததால் தள்ளப்பட்ட இளைஞனின் மனக்கொதிப்பைச் சொன்னது. வறுமை மட்டுமே வன்முறையைப் பெறுமானால் ஈச்சிலம்பற்றின் ஒவ்வொரு குடிசையும் கொலைக்களமாகியிருக்கும். வறுமையோடு அநீதியும் கண்முன்னே நடக்கும்போதுதான் மனம் எரிகிறது. அந்த ஆண்டுகளில் எம்பிலிப்பிட்டியில் முப்பதுக்கு மேற்பட்ட பாடசாலை மாணவர் இராணுவத்தினரால் கடத்தப்பட்டுக் காணாமற் போயினர். 1999 இல் அவ்வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களுள் படை அலுவலரோடு ஒரு பாடசாலை அதிபரும் இருந்தார். ஆசிரியத் தொழிலில் உள்ளோர் இதை ஆண்டுக்கொரு முறையாவது நினைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் சொன்ன பின், மிகக் கடினமான வினாவுக்கு வருகிறோம். ஆயுதத்தைக் கொடுத்தவர் மூத்தோர், அவமானத்தை வகுத்தது சமுதாயம், வேகத்தைத் தந்தது இயற்கை என்றால், அடித்த பிள்ளையின் பொறுப்பு எங்கே?

முற்போக்காளராகிய நாம் இவ்விடத்தில் வழுக்கி விழுவது வழக்கம். சூழ்நிலையே காரணம் என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறோம். அவ்வாறு எழுதும்போது பிள்ளைக்கு நன்மை செய்வதாக எண்ணுகிறோம். உண்மையில் அவனிடமிருந்து இன்னொன்றைப் பறிக்கிறோம். சூழ்நிலை அடித்தது, நான் அடிக்கவில்லை என்று நம்பும் ஒருவன், நாளை அடிக்காமல் இருப்பதற்கும் சூழ்நிலையையே எதிர்பார்த்திருப்பான். தன் கை செய்ததைத் தன் கை செய்தது என்று சொல்ல இயலாதவனுக்குத் தன் கையை அடக்கவும் இயலாது. மேலும், மண்டை உடைந்தவன் ஒருவன் இருக்கிறானே! அவனும் அதே சூழ்நிலையில் வாழ்ந்தவன். அதே அகதி முகாமில் வரிசையில் நின்றவன். அவன் பட்ட வலிக்கு யாரும் பொறுப்பில்லை என்று சொல்ல எமக்கு என்ன உரிமை?

எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்களின் விடை இன்னும் எளிது: குற்றவாளி, சிறையில் போடு. இலங்கையில் எட்டு வயதுப் பிள்ளையைக் குற்றப் பொறுப்புள்ளவனாகக் கருதிய சட்டம் 2018 இல்தான் திருத்தப்பட்டுப் பன்னிரண்டு வயதாக உயர்த்தப்பட்டது. இவ்விடத்தில் நீதியாகப் பேச வேண்டுமானால் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 2009 இல் போர் முடிந்தபோது சரணடைந்த 594 சிறுவர் போராளிகளை அரசு நீதிமன்றத்தில் நிறுத்தவில்லை. புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பியது, அவர்களுள் பலர் இரத்மலானை இந்துக் கல்லூரியில் படிப்பைத் தொடர்ந்தனர். அவ்வரசின் வேறு செயல்கள் பற்றி எமது கருத்து எதுவாயினும், இதைச் சரியென்றே கூறுவோம். துவக்கு ஏந்திய பிள்ளைக்குப் பாடசாலை. சங்கிலி ஏந்திய பிள்ளைக்குப் பிரம்பும் இடாப்பில் சிவப்புக் கோடும். இவ்விரண்டில் எது நாகரிகம் என்று எம்மையே கேட்டுக்கொள்கிறோம்.

பொறுப்பு என்பது ஒரு பாத்தி வயலைப் பங்கு பிரிப்பது போன்றதன்று. மூத்தவனின் பங்கு கூடினால் இளையவனின் பங்கு குறையும் என்ற கணக்கு இங்கே செல்லாது. கொடுத்தவனுக்கும் முழுப் பொறுப்பு. அடித்தவனுக்கும் முழுப் பொறுப்பு. ஆனால் யார் முதலில் ஒப்புக்கொள்வது என்பதில் ஒழுங்கு உண்டு. நாம் கொடுத்தோம் என்று மூத்தோர் சொல்லாதவரை, நான் செய்தேன் என்று சொல்லும்படி பிள்ளையைக் கேட்க மூத்தோருக்கு வாயில்லை. எமது வீடுகளிலும் கோயில்களிலும் பாடசாலைகளிலும் கட்சி அலுவலகங்களிலும் நடப்பதோ நேர்மாறு. பிள்ளை மன்னிப்புக் கேட்க வேண்டும், பெரியவர்கள் மன்னிப்பார்கள். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்ட பெரியவரை நாம் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்? போரின்போது பிள்ளைகளைப் பிடித்துச் சென்றவர்களுள் பின்னாளில் பாராளுமன்றம் சென்றோரும் உண்டு. ஆற்றங்கரையில் சுட்ட பிள்ளையோ இன்று முப்பத்தைந்து வயதைக் கடந்தவனாய், இரவில் எழுந்து உட்கார்ந்திருக்கிறான்.

தடுப்பதற்கு வழி என்ன என்று மாணவர் கேட்கலாம். அமெரிக்காவின் சிக்காகோ நகரில், குற்றம் மலிந்த வறிய பகுதிகளின் பாடசாலைகளில், ஆண்பிள்ளைகளை வட்டமாக இருத்திப் பேசும் ஒரு திட்டம் நடந்து வருகிறது. முதல் நாள் விளையாட்டு இது. ஒருவனிடம் ஒரு பந்தைக் கொடுப்பார்கள். அவன் அதைக் கைக்குள் இறுக்கிக்கொள்ள வேண்டும். மற்றவன் முப்பது விநாடிக்குள் அதை வாங்க வேண்டும். இருவரும் கட்டிப் புரள்வார்கள். முடிந்ததும் வழிகாட்டி கேட்பார்: பந்தைத் தா என்று அவனை ஏன் கேட்கவில்லை? கேட்டால் கொடுத்திருப்பாயா என்று மற்றவனைக் கேட்டால், கொடுத்திருப்பேன், பந்துதானே என்பான். இத்திட்டத்தில் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்தபோது, திட்டம் நடந்த காலத்தில் வன்குற்றங்களுக்காகக் கைதாவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது தெரியவந்தது. திட்டம் முடிந்த பின் அப்பயன் நீடிக்கவில்லை என்பதையும் அதே ஆய்வாளர் மறைக்கவில்லை.

நாமும் இதைச் செய்து பார்த்தோம். பந்துக்குப் பதில் ஒரு கொய்யாப்பழம். பழம் நசிந்து, இருவரின் வெள்ளைச் சட்டையும் பாழாகி, தாய்மாரிடம் நாம் வசை கேட்க நேர்ந்தது வேறு கதை. ஆனால் "கேட்டிருக்கலாமே" என்றவுடன் வகுப்பு முழுவதும் ஒரு கணம் வாயடைத்துப் போனதை நாம் மறக்கவில்லை. கேட்பது தோல்வி என்று அவர்கள் கற்றிருந்தார்கள். கேட்பது என்னும் ஒரு வழி இருக்கிறது என்பதே அவர்களுக்குப் புதிதாயிருந்தது.

சிக்காகோவில் பயன் ஏன் நீடிக்கவில்லை? வட்டத்தில் பேசியதை முடித்துக்கொண்டு பையன் திரும்பிச் செல்வது அதே தெருவுக்கு அல்லவா? இவ்விடத்தில்தான் உளவியலாளரும் நாமும் பிரிகிறோம். பேச்சு வேண்டும், பேச்சு மட்டும் போதாது. பதினாறு வயதில் பாடசாலையை விட்ட ஈச்சிலம்பற்றுப் பையனுக்கு இன்று திறந்திருக்கும் கதவுகளை எண்ணிப் பார்ப்போம். அரிவி வெட்டுக் காலத்தில் கூலி வேலை உண்டு. அதையும் இப்போது இயந்திரம் செய்கிறது. கடலுக்குப் போகலாம், தோணி முதலாளிக்குச் சொந்தம். கொழும்புக் கடையில் நிற்கலாம். மத்திய கிழக்குக்கு வயது போதாது, தாய் ஏற்கெனவே அங்கே போயிருப்பாள். மாலையில் கசிப்புக் கூடத்தின் கதவு மட்டும் அகலத் திறந்திருக்கும். இவனிடம் போய்ச் சினத்தை அடக்கு, மூச்சை எண்ணு என்று சொல்வது நல்லதுதான். ஆனால் அவன் மானத்தோடு நிற்க ஓரிடத்தை உண்டாக்காமல் சொல்வது, பசித்தவனுக்கு மென்று தின்னும் முறையைக் கற்பிப்பது போலாகும். உழைப்பில் மதிப்பு, படிப்பில் நியாயம், ஊர்க் காரியத்தில் ஒரு சொல்: இம்மூன்றும் கிடைக்காதவன் மதிப்பைத் தேடிக் கும்பலிடம் போவான். கும்பல் உடனே கொடுக்கும், கடனுக்குக் கொடுக்கும், பின்பு வட்டியோடு வாங்கும். இயக்கங்கள் பிள்ளைகளைச் சேர்த்தது துவக்கு முனையில் மட்டுமல்ல என்பதையும், வீட்டில் ஒன்றுக்கும் உதவாதவன் என்று ஏசப்பட்ட பையனுக்கு அங்கே ஒரு பெயர் சூட்டப்பட்டதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பெயரை நாம் ஏன் முதலில் சூட்டவில்லை?

கிழக்கின் கூத்துக் களரிகளைப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்வது விளங்கும். அண்ணாவியார் பதினைந்து வயதுப் பையனுக்குக் கட்டியக்காரன் வேடம் கொடுப்பார். மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்குவார். பிழை விட்டால் ஏசுவார். அரங்கேறும் நாளில் முழு ஊருக்கும் முன்னால் அவனை நிறுத்துவார். நண்பர் பார்க்கிறார் என்ற அதே உந்துதல், அதே இரத்த வேகம். ஆனால் கையில் இருப்பது மரவாள். பழைய கூத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பழமை மோகம் எமக்கு இல்லை. அக்களரியிலும் யாருக்கு எந்த வேடம் என்பதைச் சாதி தீர்மானித்ததுண்டு. ஊர் பார்த்திருக்கும் முற்றத்தில் பிள்ளைக்கு ஓரிடம் கொடுக்கத் தெரிந்த மனிதர் இருந்தனர் என்பதற்காகவே அதை இங்கே குறிப்பிட்டோம்.

இடாப்பில் நாம் சிவப்புக் கோடிட்ட அந்தப் பையனைப் பல ஆண்டுகள் கழித்து வெருகல் திருவிழாவில் கண்டோம். ஆற்றின்மேல் அப்போது பாலம் வந்துவிட்டது. தச்சு வேலை செய்வதாகச் சொன்னான். மண்டை உடைந்தவனுடைய வீட்டுக்குக் கதவு, யன்னல் எல்லாம் தானே செய்து கொடுத்ததாகவும் சொன்னான். கூலி வாங்கினானா என்று நாம் கேட்கவில்லை. அவன் விரலைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயது மதிக்கத்தக்க மகன் நின்றான். அன்று காலைக் கூட்டத்தில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்த நாம், சொற்களைத் தேடிக்கொண்டிருந்தோம். அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"இவன அடுத்த வருசம் பள்ளிக்கூடத்துல சேர்க்கணும் சேர். இப்பயும் அடிக்கிறாங்களா?"

அடிக்கக்கூடாது என்று சுற்றறிக்கை இருக்கிறது என்றோம். அவன் எமது முகத்தைப் பார்த்தான்; அதே பார்வை. பிரம்பு இன்னும் அலுமாரியில்தான் இருக்கிறது என்பதையும் சொன்னோம்.